ஆமைக்கு ஒரு சாண் வழி

குழாயடித் தெருவின் இருபத்தாறு வீட்டுக் கதவுகளும் ஓர் ஆமை சொன்னபடி கேட்ட அந்த எட்டு மாதமும், சிமெண்டு உறை வார்க்கிற உச்சிமாகாளி தன் தம்பி பலவேசத்தோடு பேசாமல்தான் இருந்தார். அதற்கு முன் பத்தொன்பது வருஷமும் பேசாமல்தான் இருந்தார் என்பதால் தெரு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதவுகள் தாமாகச் சாத்திக்கொண்டதையும் கொஞ்ச நாளில் அதே மாதிரி, வெயில் அடிப்பதுபோல், மழை பெய்வதுபோல் எடுத்துக்கொண்டது.

ஆமை மணல் லாரியில் வந்தது. கிணற்றுக்குள் ஒன்றின் தலையில் ஒன்றாக இறக்குகிற வட்ட உறைகளை உச்சிமாகாளி தன் வீட்டுப் புறவாசலில்தான் வார்த்தார். அதற்காக வந்த மணலைச் சலித்தபோது, சல்லடையில் தங்கிய கல்லோடு கல்லாக அதுவும் கிடந்தது. ஒன்றரைக் கையகலம், புகையேறின ஓட்டின் நிறம், முதுகில் மஞ்சளை உரசி இழுத்த மாதிரி கோடுகள். கொத்துக்கரண்டியால் தட்டினார். கல் மெல்லத் திறந்து, சிவந்த கண்ணால் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையை இழுத்து, காலை இழுத்து, வாலை இழுத்து, வயிற்று ஓட்டை முன்னாலும் பின்னாலும் கதவுபோலத் தூக்கிச் சாத்திக்கொண்டது. ஒரு தலைமயிர் நுழைய இடமில்லை. அப்படி ஒரு சாத்தலை அவர் அதுவரை கண்டதில்லை. அந்த ஜீவன்மேல் அவருக்கு உடனே ஒரு மரியாதை வந்துவிட்டது.

“ஆமையையா வீட்டுக்குள்ள விடப் போறீங்க?” என்றாள் அவர் மனைவி வேலம்மாள். “நாலு பேரு என்ன சொல்லுவான்?”

“வீட்டுக்குள்ள எங்க விடுதேன்? புறவாசல்ல கிடக்கட்டும். இந்தத் தெருவுல உள்ளவனுவள விட இது மேலு. வாயத் தொறக்காது.”

“உங்களுக்கு ஏத்த சோடிதான்” என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போனாள்.

உச்சிமாகாளி எதையும் மறக்கிறவர் அல்லர். மூன்றாம் வகுப்பில் தன்னை வெயிலில் முட்டிபோட வைத்த வாத்தியாரின் பெயர், அந்த வாத்தியாரின் சட்டையில் எத்தனையாவது பொத்தான் இல்லை என்பது, தன் கல்யாணப் பந்தியில் தன் இலையை மட்டும் தாண்டிப் போன பாயச வாளி, கோயில் கொடையில் தன்னை முந்திக்கொண்டு விபூதி வாங்கியவன், பெயர் சொல்லி அழைக்காமல் “உறைக்காரரே” என்று அழைத்த சின்னப் பயல், எல்லாம் அவருக்குள் ஒன்றின் தலையில் ஒன்றாக இறக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், ஊற்று இருக்கும் இடத்தில், தம்பி இருந்தான்.

அவர்களுடைய அம்மா மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தாள். அவளைத் தூக்கி உட்கார்த்தியதும், குளிப்பாட்டியதும், சோறு பிசைந்து ஊட்டியதும் உச்சிமாகாளி. பலவேசம் அந்த மூன்று வருஷமும் திருச்சூர்ப் பக்கம் கிணற்று வேலைக்குப் போயிருந்தான், தீபாவளிக்குத் தீபாவளி வருவான். ஒரு மத்தியானம், வேறு யாரும் அறையில் இல்லாதபோது, “எனக்கு நீதாம்ல கொள்ளி வைக்கணும்” என்று அம்மா மூத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன் என்பது ஊர் வழக்கம். அவள் செத்த அன்றைக்குப் பெரியவர்கள் வழக்கத்தைச் சொன்னார்கள். உச்சிமாகாளி, அம்மா இப்படிச் சொன்னாள் என்றார். யாரிடம் சொன்னாள் என்றார்கள். என்னிடம்தான் என்றார். ஒருவர் தொண்டையைச் செருமினார். பலவேசம் அண்ணனின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் கொள்ளிக்குடத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு நடந்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கிடந்த புறவாசலை உச்சிமாகாளி இரண்டாக்கினார். பூவரச மரம் நின்ற பாதி தம்பிக்கு, வெயில் விழுகிற பாதி தனக்கு; நிழலில் உறை காயாது என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. நடுவில் ஆளுயரச் சுவர், கிணற்று உறைக்கு வளைக்கிற அதே கம்பி, ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டே பங்கு மணல், உச்சியில் கண்ணாடிச் சில்லு.

“ஒரு கதவாவது வையுங்க, ஆத்திர அவசரத்துக்கு” என்றாள் வேலம்மாள்.

“கதவு வைக்கதுக்கு எதுக்குச் சுவரு?” என்றார்.

ஆமைக்கும் அவர் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்தார். நாலடி விட்டத்தில் ஓர் உறையை நிறுத்தி, அடியைச் சிமெண்டால் மெழுகி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, ஆமையை அதில் விட்டார். ஆமை என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் உறை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வழவழவென்று இழைத்த அந்த வட்டத்துக்குள் ஏறிக்கொள்ள ஒரு கரை இல்லாமல் அது சுற்றிச்சுற்றி நீந்தியது. அன்றைக்குப் பொழுதெல்லாம் நீந்தியது. மறுநாள் காலையில் நீந்த மாட்டாமல் தலையை இழுத்துச் சாத்திக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. அந்த நொடியில் குழாயடித் தெருவின் கதவுகள் எல்லாம் சாத்திக்கொண்டன.

அடித்துச் சாத்தவில்லை. எண்ணெய் போட்ட கீலில் யாரோ ஒரு விரலால் தள்ளியதுபோல, வாசல் கதவு, புறவாசல் கதவு, சந்துக் கதவு, கக்கூஸ் கதவு எல்லாம் மெதுவாக, ஒரே நேரத்தில், ஓசையில்லாமல் சாத்திக்கொண்டன. உள்ளே இருந்தவர்கள் உள்ளேயும் வெளியே இருந்தவர்கள் வெளியேயும் இருந்தார்கள். சன்னல்கள் மட்டும் திறந்தபடி கிடந்தன, ஆமைக்கு அந்த மாதிரி ஓர் உறுப்பு இல்லாததால். ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு கதவின் கீலைக் கழற்றச் சொன்னார்கள். கீல் கையோடு வந்தது, கதவு வரவில்லை. உச்சிமாகாளி ஆமையைத் தண்ணீரிலிருந்து எடுத்து மணலில் வைத்து, அது கால் மணி நேரம் கழித்து மூக்கை நீட்டியபோது, இருபத்தாறு வீடும் திறந்தன.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவள் எதிர்வீட்டு இட்லிக்காரி சிவனம்மாள்.

“அண்ணாச்சி, உங்க ஆமை மூடினா என் கதவு மூடுது” என்று வந்து நின்றாள். “இட்லி உள்ள, நான் வெளிய. ஆவி போற வாசத்த மோந்துக்கிட்டு நானும் என் யாவாரமும் தெருவுல நிக்கோம். ஒண்ணு அதுக்கு நல்ல இடம் பண்ணிக் கொடுங்க, இல்ல, என் சட்டுவத்தையாவது எடுத்து வெளிய வச்சுக்கிட எனக்கு நேரம் சொல்லுங்க.”

நேரம் சொல்ல அவராலும் முடியவில்லை. தெரு தானே பழகிக்கொண்டது. வெளியே கிளம்புகிறவர்கள் செருப்பைத் தேடுமுன் “ஆமை திறந்திருக்கா?” என்று கேட்டார்கள், வேலைக்குப் போகிறவர்கள் சட்டையையும் சாப்பாட்டுத் தூக்கையும் சன்னல் கம்பியில் மாட்டி வைத்தார்கள், மாத்திரை சாப்பிடுகிற கிழவர்கள் மாத்திரையில் பாதியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தார்கள், கூரியர்க்காரன் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, ஆமை என்ன செய்கிறது என்று விசாரித்துவிட்டு நுழைந்தான். ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குப் புது மருமகள் வந்து வாசலில் நின்றபோது கதவு சாத்திக்கொண்டது. ஆரத்தி சுற்றியவர்கள் மூன்று சுற்றோடு நிறுத்த வழியில்லாமல் கை மாற்றிக் கை மாற்றிச் சுற்ற, மாப்பிள்ளையின் மாமன் தக்காளிப் பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி உச்சிமாகாளி வீட்டுச் சன்னலில் நீட்ட, வேலம்மாள் அதை அடுப்படிச் சன்னல் வழியாகப் புறவாசலில் போட, ஆமை அரைத் தக்காளி தின்றபிறகுதான் அந்தப் பெண் வலது காலை எடுத்து வைத்தாள். ஆனால் அதே மாப்பிள்ளைப் பையன் ஒரு வாரம் கழித்து, சாயங்கால வேளையில், அந்த ஆமையைச் சும்மா ஒரு தட்டுத் தட்ட முடியுமா அண்ணாச்சி என்று சந்துக் கதவருகில் நின்று தலையைச் சொறிந்தான். சண்டைக்காரப் புருஷன் பெண்டாட்டிகள் வெளியேபோக முடியாமல் உள்ளே கிடந்து சமாதானமானார்கள். சமாதானமாக இருந்த இரண்டு பேர் சண்டைக்காரர்களானார்கள். திருட்டு நின்றுபோனது. எந்தத் திருடனுக்கும் திரும்பி வருவது நிச்சயமில்லை.

ஆனால் ஆமை மூடுவது நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. முதலில் ஓர் உலை கொதிக்கிற நேரம். பிறகு ஒரு நெல் அவிக்கிற நேரம். பிறகு அரைப் பகல். தெருவே சேர்ந்து கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தாவீதைக் கூட்டிக்கொண்டு வந்தது.

தாவீது ஆமையைப் புரட்டாமல், தூக்காமல், மண்ணில் முழங்கையை ஊன்றிப் படுத்துக்கொண்டு பார்த்தார்.

“இது பெட்டி ஆமை அண்ணாச்சி. நம்ம நாட்டு உருப்படியே இல்ல, எவனோ கப்பல்ல கொண்டாந்து வளத்து, வேண்டாம்னு ஆத்துல விட்டிருக்கான். இது தண்ணியில கிடக்கிறது கிடையாது. தரையில நடக்கும். ஒரு தாம்பாளத்துல நாலு விரக்கடைத் தண்ணி வச்சா போதும், அதுவும் இறங்கி ஏறுற மாதிரி. முழங்கை ஆழத்துக்குப் பொதுபொதுன்னு ஈர மண்ணு வேணும், தோண்டிப் படுக்கதுக்கு. மேல இலைச் சருகு. சருகுக்குள்ள மண்புழு, நத்தை. காலையில வெயிலு, மத்தியானம் நிழலு. ரெண்டுக்கும் அது நினைச்சப்ப நடந்து போகணும். அவ்வளவுதான், ஒண்ணும் கேக்காது.”

“அவ்வளவுதானா?” என்றார் உச்சிமாகாளி.

“அவ்வளவுதான். ஆனா அதுல ஒண்ணுகூட உங்க புறவாசல்ல இல்லையே.”

அது உண்மை. நாற்பது வருஷச் சிமெண்டுப் பால் இறங்கி இறங்கி அவர் பக்கத்து மண் அம்மிபோல் ஆகியிருந்தது. ஒரு புல் இல்லை, ஒரு எறும்புப் புற்று இல்லை, காலையிலிருந்து சாயங்காலம்வரை வெயில், உறைகளின் சூடு. உச்சிமாகாளி சளைக்கவில்லை. கடப்பாரையால் கொத்திப் பள்ளம் தோண்டினார். வாய்க்கால் வண்டலைச் சைக்கிளில் கொண்டுவந்து நிரப்பினார். தென்னங்கீற்றில் பந்தல் போட்டார். ஓர் உறையைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்து ஒளிந்துகொள்ள இடம் செய்தார். வண்டல் இரண்டு நாளில் சுண்ணாம்பேறி வெளுத்தது. கீற்று காய்ந்து உதிர்ந்தது. கவிழ்த்த உறைக்குள் மத்தியானத்தில் சோறு வடிக்கலாம். ஆமை இதையெல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, தினமும் ஒரே இடத்துக்கு நடந்து போனது. சுவரின் அடியில், இடது மூலையிலிருந்து ஆறடி தள்ளி, மூக்கைச் சிமெண்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் பூவரச மரத்தின் அடி. இருபது வருஷத்துச் சருகு அங்கே மெத்தைபோல் கிடந்தது. நின்று நின்று, கடைசியில் அங்கேயே சாத்திக்கொண்டது.

தெருவுக்கு இது தெரிந்துபோனது. இரண்டு மூன்று பேராக வந்து சொல்லிப் பார்த்தார்கள்.

“அண்ணாச்சி, சுவர இடிக்க வேண்டாம். அடியில ஒரு சாண் ஓட்டை. ஆமை போக ஆமை வர.”

“ஒரு சாண் விட்டா மனுசன் ஒரு முழம் வருவான்” என்றார்.

“வந்தா வரட்டுமே. உங்க தம்பிதானே.”

“எனக்குத் தம்பி இல்ல.”

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. சிமெண்டுத் தூசி தின்ற நெஞ்சு பலவேசத்துக்கு. தொழிலை விட்டு ஆறு வருஷமாகியும் தூசி அவனை விடவில்லை. ஊதுகிற மருந்துக் குழலை மடியில் வைத்துக்கொண்டு பூவரச நிழலில் உட்கார்ந்திருப்பான், இந்தப் பக்கம் நடப்பதையெல்லாம் கேட்டுவிட்டு, மரத்திடம் சொல்வதுபோல் உரக்கச் சொல்வான்: “ஏ மரமே, உன் நிழலு சுவரைத் தாண்டிப் போகக் கூடாதாம்ல. பாத்து விழு.” வேலம்மாளுக்குச் சிரிப்பு வரும். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அவளும் பலவேசத்தின் மனைவி ஆவுடையும் தெருக்குழாயடியில் பேசிக்கொள்வார்கள் என்பது உச்சிமாகாளிக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில், சுவருக்கு மேலே ஒரு கூடை எழுந்தது. கண்ணாடிச் சில்லுக்கு மேலாகக் கவிழ்ந்து, ஈரச் சருகையும் கறுப்பு மண்ணையும் அதில் நெளிகிற புழுக்களையும் இந்தப் பக்கம் கொட்டியது. திரும்ப இறங்கிப் போனது. பிறகு நெடுநேரம் மூச்சு வாங்குகிற சத்தம். ஆமை அந்தக் குவியலுக்குள் நுழைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தது. அன்றைக்குப் பகல் முழுக்க ஒரு கதவும் சாத்திக்கொள்ளவில்லை.

சாயங்காலம் உச்சிமாகாளி ஆமையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, சருகை ஒரு துணுக்கு விடாமல் அள்ளிக்கொண்டுபோய்த் தெருவில் கொட்டினார்.

“உங்களுக்கு ஈவு இரக்கம் இருக்கா?” என்றாள் வேலம்மாள். “சருகு என்னங்க செஞ்சிது உங்கள?”

“எவன் வீட்டுச் சருகும் எனக்கு வேண்டாம்.”

மறுநாள் காலையிலும் கூடை எழுந்தது. மறுநாளும். காலையில் அந்தப் பக்கத்திலிருந்து கொட்டுவதும், ஆமை அதில் படுப்பதும், தெரு திறந்து கிடப்பதும், சாயங்காலம் இவர் அள்ளித் தெருவில் போடுவதும், ராத்திரி கதவுகள் சாத்திக்கொள்வதும், விடியுமுன் திறப்பதும், காலையில் மீண்டும் கூடை எழுவதுமாக மூன்று மாதம் போயிற்று. ராத்திரியில் கதவு சாத்தியிருந்தால் யாருக்கு என்ன என்று தெருவும் சும்மா இருந்தது. உச்சிமாகாளிக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் தம்பி தன்னை ஒருமுறை ஜெயிப்பதுபோல் இருந்தது. கொள்ளிக்குடத்தை வாங்கிய தோள்தான் கூடையைத் தூக்குகிறது என்று தோன்றியது.

எட்டாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்ததும் விடியாததுமாகக் கலவை போட்டு, காலி உறையின்மேல் ஏறி நின்று, சுவரை இன்னும் இரண்டு வரிசைக் கல் உயர்த்தினார். கண்ணாடிச் சில்லுகளைப் பிடுங்கிப் புது உச்சியில் நட்டார். கீழே, வழக்கமான இடத்தில், மூக்கைச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஆமை நின்றது. மேலிருந்து ஒழுகின சிமெண்டுப் பால் அதன் முதுகுக் கோடுகளின்மேல் வழிந்து வெளுத்ததை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே கடைசிக் கல்லை வைத்தார். ஆமை சாத்திக்கொண்டது. வீட்டுக்குள் வேலம்மாள் இருக்க, அவருடைய புறவாசல் கதவும் சந்துக் கதவும் மெதுவாக வந்து பொருந்தின. தெரு முழுக்கப் பொருந்தின.

சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்தது, நின்றது. உயர்ந்த சுவரைப் பார்க்கிற அமைதி. பிறகு கூடை சுவரில் உராய்கிற சத்தம். பாதிவரை ஏறி, நின்று, இறங்கியது. மறுபடி ஏறியது. மூன்றாம் முறை கூடை விழுந்தது. அதற்குப்பின் ஒரு சத்தம் கேட்டது. துருத்தியில் ஓட்டை விழுந்தால் வருகிற சத்தம்.

“அத்தான்” என்று ஆவுடை தன் அடுப்படிச் சன்னலிலிருந்து கத்தினாள். “அத்தான், அவுக விழுந்துட்டாக. கதவு திறக்க மாட்டேங்கு. மருந்தத் தூக்கிப் போட்டேன், ஊதியும் கேக்கல. உங்க ஆமையத் தொறக்கச் சொல்லுங்க.”

உச்சிமாகாளி ஆமையின் முன்னால் முட்டிபோட்டார். ஓட்டைத் துடைத்தார். தண்ணீர் ஊற்றினார். செம்பருத்தி வைத்தார், தக்காளி வைத்தார். அது கல்லாகக் கிடந்தது. தெருவில் வெளியே மாட்டிக்கொண்டவர்கள் பலவேசத்தின் வாசல் கதவைத் தோளால் இடிப்பது கேட்டது. புறவாசலுக்குப் பின்னாலோ பழைய சரக்குக் கிட்டங்கியின் இரண்டாள் உயரச் சுவர். அவர் உறைமேல் ஏறிச் சுவரின் உச்சியைப் பிடித்தார். அவர் நட்ட சில்லு அவர் உள்ளங்கையைத்தான் கிழித்தது. அறுபத்தெட்டு வயது முழங்கால் அவரைக் கீழே இறக்கிவிட்டது. கடப்பாரையை எடுத்தார், ஆமையை ஓரமாக நகர்த்திவிட்டு, அது மூக்கை வைத்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்த அந்த இடத்தில் குத்தினார்.

இரண்டாவது குத்தில் சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணே.”

பத்தொன்பது வருஷம், எட்டு மாதம்.

“ஏல, எங்கல இருக்க?”

“இங்கனதான். உன் சுவர்லதான் சாஞ்சிருக்கேன்.”

“தள்ளி உக்காரு, கடப்பாரை வருது.”

“நகர முடியல. நீ குத்து.” மூச்சு இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. “எத்தனை கம்பி போட்டே?”

“எட்டு.”

“கிணத்து உறைக்கே ஆறுதான போடுவே?”

“உனக்காகத்தாம்ல ரெண்டு கூடப் போட்டேன்.”

அந்தப் பக்கம் சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒன்று வந்தது. “கலவை?”

“ஒண்ணுக்கு ரெண்டு.”

“அப்ப இன்னைக்கு உடையாது” என்றான் பலவேசம்.

உச்சிமாகாளி குத்தினார். தன் வேலையைத் தானே வைதுகொண்டு குத்தினார். சில்லுச் சில்லாகத்தான் பெயர்ந்தது. வெயில் ஏறியது. கிழிந்த கையில் கடப்பாரை வழுக்கியது.

“அண்ணே, அம்மா உங்கிட்டச் சொன்னது எனக்குத் தெரியும்.”

கடப்பாரை நின்றது.

“எங்கிட்டயும் அதத்தான் சொன்னா. தீபாவளிக்கு வந்தப்ப. எனக்கு நீதாம்ல கொள்ளி வைக்கணும்னு. கையப் பிடிச்சுக்கிட்டு.”

“அப்ப ஏன்ல அன்னைக்கே சொல்லல?”

“நீ கேட்டாத்தானே” என்றான். சற்றுக் கழித்து, “குத்துண்ணே” என்றான். அதற்குப்பின் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

உச்சிவெயில் நேரத்தில் ஓட்டை விழுந்தது. ஒரு சாண். அதிலிருந்து சருகின் வாசனையும் குளிர்ச்சியும் அவர் முகத்தில் வந்து பட்டன. கையை நுழைத்தார்; தோள்வரை நுழைத்துத் துழாவினார்; தம்பியின் கை கிடைத்தது. அதே கை, அதே காய்ப்பு, கட்டைவிரலில் உறை அச்சு நசுக்கின அதே தழும்பு. பிடித்தார். அது பிடிக்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டே கிடக்க, அவர் விலாவை உரசிக்கொண்டு ஆமை வந்தது. தலை நீட்டி, கால் நீட்டி, அவருடைய முழங்கைக்கு அடியில் இருந்த இடைவெளியில் முதுகோட்டைச் சாய்த்து நுழைந்து, அந்தப் பக்கம் போயிற்று. குழாயடித் தெருவில் கதவுகள் திறக்கிற காற்று வீசியது. ஆவுடை ஓடிவருகிற சத்தமும், அவள் நின்றுவிட்ட சத்தமும் கேட்டன.

பலவேசத்துக்கு இரண்டு பெண்கள், ஆண்பிள்ளை இல்லை. மறுநாள் பந்தலில் பெரியவர்கள் வழக்கத்தைப் பேசினார்கள்; இளையவனுக்கு மூத்தவன் வைப்பது வழக்கமில்லை, மருமகன் வைக்கலாம் என்றார்கள். ஆவுடை தலையை நிமிர்த்தி, “அத்தான்தான் வைக்கணும். அவுக சொல்லியிருக்காக” என்றாள்.

“யாருகிட்டச் சொன்னான்?”

“எங்கிட்டத்தான். வேற யாரும் இல்லாதப்ப.”

உச்சிமாகாளி யாராவது தொண்டையைச் செருமுவார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் செருமவில்லை. குடத்தைக் கொண்டுவந்து அவர் தோளில் வைத்தார்கள். பத்தொன்பது வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த பாரம் அது. யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஆமைக்கு இப்போது தோதான இடம். காலையில் ஓட்டை வழியாக இந்தப் பக்கம் வந்து வெயில் காய்கிறது, மத்தியானம் அந்தப் பக்கம் போய்ச் சருகுக்குள் தோண்டிப் படுக்கிறது, நினைத்தபோது போகிறது, நினைத்தபோது வருகிறது. அதற்குப்பின் அது முழுக்கச் சாத்திக்கொண்டதே இல்லை. கதவுகள் பழையபடி மனிதர்கள் சொன்னதைக் கேட்கின்றன. தெருவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். சிவனம்மாள் இன்னமும் சட்டுவத்தை வெளியே மாட்டித்தான் வைக்கிறாள். சுவரை முழுக்க இடித்துவிடலாமே என்று வேலம்மாள் கேட்டாள். இடித்தால் அது அன்றைக்கே இடித்திருக்கக்கூடிய சுவர்தான் என்று ஆகிவிடும் அவருக்கு.

ஒருநாள் ஆவுடை சொன்னாள்: “அவ்வளவு சருகு எங்க இருந்து வந்துதுன்னு நினைச்சீக அத்தான்? ஒரு மரந்தானே. நீங்க சாயங்காலம் தெருவுல கொட்டுனத, கதவு தொறந்ததும் விடியுமுன்ன போய் அள்ளிக்கிட்டு வந்துருவாக. அதத்தான் திரும்பக் கொட்டுவாக. மூணு மாசமும் ஒரே சருகுதான்.”

உச்சிமாகாளி இப்போது தினமும் காலையில் தன் வாசல் வழியாக இறங்கி, தெருவில் பத்தடி நடந்து, தம்பி வீட்டுக்குள் நுழைந்து, புறவாசலுக்குப் போகிறார். பூவரச மரத்தின் அடியில் தம்பியின் கூடையில் சருகை அள்ளுகிறார். அதை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, அவரே உயர்த்திய சுவருக்கு மேலாக, மூச்சு வாங்க, தன் பக்கத்தில் கொட்டுகிறார். கொட்டிவிட்டு, அங்கே யாராவது அதை அள்ளி வெளியே போடுகிறார்களா என்று சுவரில் காதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார்.